என் பிள்ளைக்கு வளைவு வேண்டாம்

படுவான்கரை,
பங்குனி 14.

அன்பு மகன் ஜெயந்தனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ இருக்கிற இடத்தில் வெயில் கூடிப்போகாமல், வேலையில் ஒரு ஆபத்தும் வராமல், நேரத்துக்குச் சாப்பிட்டு நித்திரை கொள்ள வேண்டும் என்று களுதாவளைப் பிள்ளையாரிடம் கேட்டுக்கொண்டுதான் பேனையை எடுத்தேன். நாங்கள் சுகம் என்று எழுதுவதுதான் முறை. அப்பா இருக்கிறார், நான் இருக்கிறேன், மாடு இரண்டும் இருக்கின்றன, அதை நீ சுகம் என்று எடுத்துக்கொள். போனில் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் உன் முகத்தைக் கண்டால் எனக்குக் கதை வராது. நீயும் அறையில் நாலு பேரோடு இருப்பாய், நான் சொல்லப் போவது ஆம்பிளைகள் நடுவில் கேட்கிற கதை இல்லை. ஏறாவூர் றமீஸ் லீவு முடிந்து வருகிற வெள்ளிக்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறானாம், ஒரே கம்பனி என்றபடியால் உன் கையிலேயே தருவதாகச் சொன்னான். நான் நாலாம் வகுப்போடு நின்றவள், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். இதற்கென்று கடையில் ஒரு புதுக் கொப்பி வாங்கினேன். வீட்டில் தங்கச்சியின் கொப்பிகள் எழுதாத பக்கத்தோடு கிடக்கின்றன, அதில் ஒரு தாள் கிழிக்க என் கை போகவில்லை.

இந்த முறை வேளாண்மையில் பாதியை வெள்ளம் கொண்டுபோனது உனக்குத் தெரியும். மிச்சத்தை மாசியில் வெட்டி முடித்தோம். வெட்டு முடிந்தும் அப்பா ஒவ்வொரு நாளும் வட்டைக்குப் போகிறார். வெறும் வயலில் என்ன வேலை என்று நான் கேட்பதில்லை. அங்கே காவல் வாடியில் குந்திக்கொண்டு இருந்துவிட்டுப் பொழுது சாயத்தான் வருவார். சோறு தின்னும்போது அவர் சுவரைப் பார்ப்பார், நான் சட்டியைப் பார்ப்பேன். களுதாவளையில் இருந்து உன் சின்னம்மா வந்து, ஒரு மாதம் தன்னோடு வந்து இரு அக்கா, வீடு மாறினால் மனம் கொஞ்சம் ஆறும் என்றாள். நான் போனால் அப்பாவுக்கு ஆர் ஆக்கிக் கொடுப்பது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மனம் ஆறுவதற்கு எனக்குப் பயமாக இருக்கிறது மகன். ஆறிவிட்டால் பிறகு அவளுக்கு என்று என்னிடம் என்ன இருக்கும்.

வினோஜன் வாரத்தில் ஒரு தரம் வந்து எட்டிப் பார்ப்பான். உன்னோடு ஒன்றாகப் படித்தவன், அவனைக் கண்டால் உன்னைக் கண்ட மாதிரி, தேத்தண்ணீர் குடிக்காமல் போகவிட மாட்டேன். இப்போது பழைய மாணவர் சங்கத்துக்கு அவன்தான் செயலாளர். கட்டாரில் இருக்கிற நம்மட ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் உன்னோடு சேர்ந்து, பள்ளிக்கூட வாசலில் தங்கச்சி ஞாபகமாக ஒரு வளைவு கட்டப் போகிறார்கள், பாதிச் செலவு அவர்கள் தருவார்கள், மற்றப் பாதியைச் சேர்க்கத்தான் சித்திரைக் கடைசிச் சனியும் ஞாயிறும் மைதானத்தில் களியாட்ட விழா என்று முதலில் வந்து சொன்னதும் அவன்தான். சொல்லும்போது அவனுக்குக் கண் கலங்கியது. முதல் கூட்டத்துக்கே என்னையும் அப்பாவையும் கூப்பிட்டார்கள். துடக்கு வீடு, ஆண்டுத் திவசம் முடியவில்லை, கொண்டாட்டம் பேசுகிற இடத்துக்கு வருவது சரியில்லை என்று சாட்டுச் சொன்னேன். அவள் அன்று காலையில் நுழைந்த அந்தப் பள்ளிக்கூடப் படலைக்குள் கால் வைக்க எனக்குத் தெம்பு வரவில்லை. அதைச் சொல்லத் தெரியாமல்தான் துடக்கைச் சொன்னேன்.

நான் போகாவிட்டாலும் கதை எல்லாம் வீட்டுக்கு வந்தது. ராட்டினத்துக்கு ஒரு குழு, இசைக்குழுவுக்கு ஒரு குழு, வளையம் எறிகிற விளையாட்டுக்கு ஒரு குழு, குழு பிரித்து முடிக்கவே இரண்டு கூட்டம் போனதாம். சாப்பாட்டுக் கடைகள் சீதேவிப்பிள்ளையின் பொறுப்பு, சந்தியில் அப்பக் கடை வைத்திருக்கிறாளே அவள்தான். யாரோ ஒரு வாத்தியார் மிதிவெடி, ரோல்ஸ் மாதிரி எண்ணெயில் பொரிக்கிற சாமான் மட்டும் போதும், அப்பம் பழைய சாமான் என்றாராம், இவள் எழும்பி, சேர், காலையில என்ட கடையில கட்டிக்கொண்டு போன பத்து அப்பமும் பழசாகத்தான் இருந்ததா என்று கேட்டாளாம். வினோஜன் அதைச் சொல்லிச் சிரித்தான். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஊர் முழுக்க நாலு மாதமாக என் பிள்ளைக்காக ஓடித் திரிகிறது, இதை எப்படிக் கோபிப்பது.

போன புதன்கிழமை வினோஜன் அச்சடித்த டிக்கட் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தான். முதல் புத்தகம், அம்மா கையில் தந்து தொடங்க வேண்டும் என்று வந்தான். ஒவ்வொரு டிக்கட்டிலும் தங்கச்சியின் படம். வெள்ளைச் சட்டையும் கழுத்துப் பட்டியும் போட்டு, இரண்டு பின்னலும் முன்னால் விழ, பரிசளிப்பு விழாவில் எடுத்தது. படம் நீ அனுப்பியது என்று சொன்னான். நல்ல படம்தான் மகன், உன்னில் குறை இல்லை. நான் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டு, வாசலில் டிக்கட் வாங்குகிற ஆள் இதை என்ன செய்வார் என்று கேட்டேன். பாதியைக் கிழித்துவிட்டு மற்றப் பாதியைக் கையில் கொடுப்போம் அம்மா என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கே விளங்கியது. கிழிக்கிற கோடு அவளுடைய முகத்துக்கு நடுவால் போகிறது. அவன் தன்னுடைய செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான், தேத்தண்ணீரும் ஆறிப்போனது. இரண்டு நாளைக்குள் அந்த மைதானத்தில் எத்தனை பேர் காலுக்குக் கீழே போடுவார்கள், யோசித்துப் பார்.

அதையும் பொறுத்திருப்பேன். படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் என்ன இருக்கிறது என்று வாசிக்கச் சொன்னேன், எனக்குக் கண்ணும் முன்னைப் போல இல்லை. வெள்ளம் பார்க்கச் சென்று எம்மை விட்டுப் பிரிந்த மாணவி தக்ஷாயினியின் ஞாபகார்த்தமாக என்று வாசித்தான். ஊர் நாலு மாதமாகச் சொல்லுகிற கதை அதுதான். இடைவேளையில் வெள்ளம் பார்க்கப் போனாள், போனில் படம் எடுக்கப் போனாள், சொல்வழி கேட்காத பிள்ளை. முந்தின நாள் உனக்கு வெள்ளப் படம் ஒன்று அனுப்பினாள் என்றபடியால் நீயும் அதையே நம்பினாய். செத்த வீட்டில் அந்தக் கதை என் காதுபடவே நடந்தது. நான் மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அதைவிட வெட்கம் என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். காற்றோடு போகிற கதை என்று இருந்தேன், அவர்கள் அதை அச்சில் அடித்துவிட்டார்கள், இனி வளைவிலும் கல்லில் வெட்டுவார்கள். வாசலால் போகிற ஒவ்வொரு பிள்ளையும் நிமிர்ந்து பார்த்து, வெள்ளம் பார்க்கப் போய்ச் செத்தவள் என்று வாசிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கூட்டம் என்று அறிந்து நானே போனேன். அப்பாவிடம் சொல்லவில்லை. படலையைப் பிடித்துக்கொண்டுதான் தாண்டினேன். ராட்டினம் வாடகைக்கு விடுகிற முனாப் என்ற மனிசன் ஓட்டமாவடியில் இருந்து மைதானம் பார்க்க வந்திருந்தார். வாவிப் பக்கத்து மூலையில் காலால் மிதித்து மிதித்துப் பார்த்துவிட்டு, "இதில ராட்டினம் வெச்சா ஏறின ஆக்கள் மேல போக மாட்டாங்க, ராட்டினம்தான் கீழ போகும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது மகன். கார்த்திகைக்குப் பிறகு முதல் தரம். அடுத்த நிமிசமே யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தேன், களவு செய்தவள் மாதிரி.

மண்டபத்துக்குள் ஒரு நாற்பது பேர் இருந்தார்கள். எனக்கு முன் வரிசையில் கதிரை போட்டார்கள். பத்தாம் ஆண்டு வகுப்பறையில் பேய் வீடு செய்வோம், அது இருட்டாகவும் இருக்கு, ஓரமாகவும் இருக்கு என்று ஒரு பொடியன் எழும்பிச் சொன்னான், எல்லோரும் சரி என்றார்கள். அது அவளுடைய வகுப்பு. யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை, எனக்கு மட்டும் வந்தது. பிறகு அதிபர் சேர் வளைவின் படத்தை விரித்துக் காட்டினார். இரண்டு பக்கமும் யானை, மேலே சரஸ்வதி, நடுவில் வட்டத்துக்குள் தங்கச்சியின் முகம். பெரிய ரோட்டில் போகிற பஸ்ஸில் இருந்தே தெரியும் என்றார். அம்மாவுக்குப் பிடித்திருக்கா என்று என்னைக் கேட்டார். நல்ல மனிசன், அவருடைய குரலில் ஒரு கள்ளமும் இல்லை. டிக்கட்டில் படம் போட வேண்டாம் என்று மட்டும் கேட்டுவிட்டு வரத்தான் நான் போனது. எழும்பி நின்றதும் வாயில் வேறு வந்தது. "என்ட புள்ள வெள்ளம் பாக்கப் போகல்ல, சேர். வீட்டுக்கு வந்தவள்" என்றேன்.

உனக்கும் இப்போதுதான் சொல்கிறேன். அன்றைக்கு அவளுக்கு மாதத் துடக்கு. இடைவேளையில், மடித்து வைத்திருந்த சீலைத் துணி நனைந்து சட்டையில் பட்டுவிட்டது. பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகளின் மலசலகூடத்தில் தண்ணீர்த் தாங்கி வெடித்து இரண்டு வருசம், கதவுக்குத் தாழ்ப்பாளும் இல்லை. கழுவ இடமில்லை, மாற்ற இடமில்லை. வயிற்றுக்குத்து என்று வகுப்பு டீச்சரிடம் சொல்லிவிட்டு, புத்தகப் பையைப் பின்பக்கம் மறைத்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்திருக்கிறாள். காலையில், வெள்ளம் மேலால் பாய்கிற அந்தத் தாம்போதி ரோட்டில் தண்ணீர் கணுக்கால் மட்டும்தான், உழவு மெசின் பெட்டியில் ஏறிப் போனாள். மேல் குளங்கள் நிறைந்து வந்த வெள்ளம் அந்த மூன்று மணித்தியாலத்துக்குள் இடுப்புக்கு வந்துவிட்டது. மறுகரையில் நம்மட வீட்டுக் கூரை தெரியும், அவ்வளவு கிட்ட. அடுத்த நாள் வாவிக்கரைக் கண்டல் மரங்களுக்குள் இருந்து எடுத்தார்கள். குளிப்பாட்டும்போது உடுப்பைப் பார்த்து நானும் சின்னம்மாவும் விளங்கிக்கொண்டோம், கூட்டாளிப் பிள்ளை ஒருத்தி பிறகு வந்து அழுது சொன்னாள். இதைத்தான் நாற்பது பேருக்கு முன்னால், அவ்வளவு ஆம்பிளைகளுக்கு முன்னால், உன் அம்மா நின்று சொன்னாள். சொல்லும்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

ஆம்பிளைகள் எல்லோரும் குனிந்துகொண்டார்கள். கடைசியில் பின்னால் இருந்த ஒருவர், வயதான ஆள், பெயர் எழுத மாட்டேன், இதெல்லாம் கூட்டத்தில் கதைக்கிற கதையா, பொம்பிளைகள் பொம்பிளைகளோடு கதைக்கிறதை இங்கே கொண்டுவரக்கூடாது, வளைவுக் கதையைப் பார்ப்போம் என்றார். அப்போதுதான் சீதேவிப்பிள்ளை எழும்பினாள். "வளைவுக்குக் கீழால நிமிர்ந்து போய் உள்ள எங்க ஒதுங்கிறது, உங்கட வீட்டுக்கா?" என்று கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, தன்னுடைய மகளும் மாதத்தில் நாலு நாள் பள்ளிக்கூடம் போவதில்லை, காய்ச்சல் என்று கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்புகிறேன், எழுதி எழுதிக் கை பழகிவிட்டது என்றாள். இன்னும் இரண்டு தாய்மார் தலையை ஆட்டினார்கள், எழும்பவில்லை. அதிபர் சேர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இது எனக்குத் தெரியாமல் போச்சே அக்கா என்றார். தெரியாமல் போகும்தான். யார் அவருக்குச் சொன்னோம்.

உடனே எல்லாம் மாறிவிட்டது என்று நினைக்காதே. வளைவை விட்டுவிட்டு மலசலகூடமும் தாங்கியும் கட்டுவோம் என்று சீதேவிப்பிள்ளை கேட்டாள். இரண்டு மணித்தியாலம் கதைத்தார்கள், ஒரு முடிவும் வரவில்லை. டிக்கட் அச்சடித்தாயிற்று, கட்டார்ப் பிள்ளைகள் காசு தருவது வளைவுக்கென்று, ரோட்டில் நின்று பார்த்தால் தெரிகிற சாமான் வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள், மலசலகூடத்தை யார் படம் எடுத்துப் போடுவார்கள் என்று ஒருவர் கேட்டார். அவர் கேட்டதும் சரிதான், ஊர் வழமை அப்படி, செத்தவர்களுக்கு வாசலும் பஸ் நிற்கிற கொட்டிலும் கட்டுகிறோம். கடைசியில் அதிபர் சேர், ஜெயந்தன் தம்பி சம்மதித்தால் மற்றவர்கள் மறுக்க மாட்டார்கள், அவருடைய தங்கச்சி, அவர் சொல்லட்டும் என்று முடித்துவிட்டார். ஆகவே அது உன் கையில் வந்து நிற்கிறது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

என் பிள்ளைக்கு வளைவு வேண்டாம் மகன். செத்த வீட்டுக்கு உனக்கு லீவு தரவில்லை, தங்கச்சியைக் கொண்டுபோவதை நீ போனில்தான் பார்த்தாய், அவளைத் தூக்க உன் தோள் அங்கே இல்லை. தூக்காத தோளுக்கு ஒரு வளைவையாவது சுமக்கலாம் என்று நீ நினைத்தாய் என்பது இந்தப் படிக்காத அம்மாவுக்கு விளங்காமல் இல்லை. உன் கூட்டாளிகளிடம் சொல்லு. வளைவுக்கு வைத்த காசைத் தாங்கிக்கும் கதவுக்கும் தாழ்ப்பாளுக்கும் கொடுக்கச் சொல்லு. அதிலும் அவளுடைய பெயர் வேண்டாம், படமும் வேண்டாம். பிள்ளைகள் ஒதுங்கப் போகிற இடத்துக்கு என் பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கொண்டு போகக்கூடாது. பெயர் போடாவிட்டால் தர மாட்டோம் என்று அவர்கள் சொன்னால், வேண்டாம் என்று விட்டுவிடு, அவர்களோடு சண்டை பிடிக்காதே, ஒரே அறையில் இருக்க வேண்டியவர்கள். டிக்கட்டை மாற்றி அடிப்பதாக வினோஜன் தானாகவே சொல்லியிருக்கிறான். பழையதை எரிக்கவா என்று கேட்டான். அதையும் நான் எப்படிச் சம்மதிப்பது, கட்டி என்னிடம் கொண்டுவந்து தா என்று சொன்னேன். அலுமாரிக்குள் நாற்பது புத்தகம் இருக்கிறது, எல்லாவற்றிலும் அவள்.

கட்டினால் எனக்கு ஆறுதல் வரும் என்று நினைத்து இதைச் செய்யாதே. வராது. கட்டி முடித்து, தண்ணீர் வந்து, ஒரு பிள்ளை கழுவிக்கொண்டு வகுப்புக்குத் திரும்பிப் போனால், இது ஏன் போன வருசம் இருக்கவில்லை என்றுதான் நான் கேட்பேன். அந்தக் கேள்வியோடுதான் இனி இருப்பேன். விழாவுக்கு நான் போக மாட்டேன், விளக்கேற்றக் கூப்பிட்டார்கள், மாட்டேன் என்றுவிட்டேன். பாட்டுச் சத்தம் தாம்போதி தாண்டி நம்மட வீட்டுக்குக் கேட்கும். கேட்கட்டும்.

கூட்டத்தில் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. அப்பாவுக்கும் தெரியாது, சின்னம்மாவுக்கும் தெரியாது. அன்று காலையில் அவள் எழும்பி வந்து, "அம்மா, இண்டைக்கு வீட்ட நிக்கட்டா" என்று கேட்டாள். முகம் வெளிறிக் கிடந்தது. கணக்குச் சோதனை நாள். "இதுக்கெல்லாம் நிண்டா பொம்பிளைப் புள்ள எந்த நாளும் நிக்கத்தான் வேணும், போ மனே" என்று நான்தான் சொன்னேன். அதற்கென்று கடையில் வாங்குகிற பெட்டி முடிந்திருந்தது, மழைக்குள் கடைக்குப் போகப் பஞ்சிப்பட்டு, அந்தச் சோம்பலில் பழைய சீலையைக் கிழித்து மடித்து நான்தான் கையில் கொடுத்தேன். சந்திக் கடை எத்தனை அடி தூரம் என்று உனக்குத் தெரியும். நிற்கட்டா என்று கேட்டாள் மகன். ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். தாங்கி வெடித்தது என்று பள்ளிக்கூடத்தைச் சொல்லலாம், வெள்ளத்தைச் சொல்லலாம், ஊர் என்னைப் பார்த்துப் பாவம் என்கிறது, நான் தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பாவத்தை வாங்கிக்கொண்டு இருக்கிறேன். ஒருவருக்காவது உண்மை தெரிய வேண்டும் என்று உனக்கு எழுதிவிட்டேன். எழுதினது சரியோ பிழையோ தெரியாது.

நேரத்துக்குச் சாப்பிடு. வெயிலுக்குள் தலைக்குத் துணி கட்டாமல் நிற்காதே. சளி பிடித்தால் கொத்தமல்லி அவித்துக் குடி, றமீஸ் கையில் ஒரு பை அனுப்புகிறேன், அரிசி மாவும் இருக்கிறது. உனக்கு என் ஆயுளும் சேர்ந்து கிடைக்கட்டும், கண்ணகி அம்மன் உன்னைக் காத்துத் தருவாள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன், இனி எனக்குக் கேட்க உனக்காக மட்டும்தான் இருக்கிறது. வளைவு விசயத்தை அதிபர் சேருக்கு நேரடியாக எழுது, சித்திரை பிறக்க முந்தி எழுது. எனக்கு இதைப் படித்தவுடன் போன் எடுக்காதே மகன். இரண்டு மூன்று நாள் பொறுத்து, என்னோடு கதைக்கலாம் என்று உனக்குத் தோன்றினால் எடு. தோன்றாவிட்டால் அப்பாவின் போனுக்கு எடு, நீ சுகம் என்று அவர் சொன்னால் எனக்குப் போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா
கண்ணகை